அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் தன் கவிதைப் புத்தகத்தைத் தானே அச்சிட்டு, தானே விற்று, தானே மதிப்புரையும் எழுதிக்கொண்டார் என்கிறார்களே, உண்மையா? ஒரு கவிஞர் இப்படிச் செய்யலாமா?

மூன்றும் உண்மைதான். ஆனால் கேள்விக்குக் கீழே "விளம்பரப் பித்தர் போல" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இவ்வளவு நீளப் பதில்.

சொந்தக் காசில் முதல் தொகுப்பைப் போட்டுவிட்டு, விற்காத மூட்டையைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். அப்படித்தான் என்றால் கணக்கு விவரங்கள் உங்களுக்கு உதவும்.

முதலில் ஒன்று. விட்மன் கவிஞராகிவிட்டு அப்புறம் கடை விரித்தவர் இல்லை. அவர் அச்சாபீஸ்காரர். 1831-ல், பன்னிரண்டு வயதில், புரூக்ளினில் ஒரு பத்திரிகையின் அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து அச்சுக்கு ஈய எழுத்துக் கோக்கக் கற்றுக்கொண்டார். 1838-ல் ஹண்டிங்டன் ஊரில் 'லாங் ஐலண்டர்' என்று சொந்த வாரப் பத்திரிகை. செய்தி எழுதுவது, எழுத்துக் கோப்பது, அச்சடிப்பது எல்லாம் பெரும்பாலும் அவரேதான். அச்சானதும் குதிரையேறி வாரத்தில் ஒரு பகலும் இரவும் ஊர் ஊராகப் போய் வீட்டு வாசலில் பத்திரிகை போட்டார். பத்து மாதத்துக்குள் அதைக் கைமாற்றிவிட்டார். 1846 முதல் 'புரூக்ளின் டெய்லி ஈகிள்' ஆசிரியர். புதிதாகச் சேரும் நிலப்பகுதிகளில் அடிமைமுறை கூடாது என்று தலையங்கம் எழுதப்போய், பத்திரிகை முதலாளியோடு ஒத்துவராமல் 1848 தொடக்கத்தில் வேலை போயிற்று. அடுத்து நியூ ஆர்லியன்ஸில் 'கிரெசென்ட்' பத்திரிகை, மூன்றே மாதம். திரும்பிவந்து புரூக்ளினில் அதே கொள்கைக்காக 'ஃப்ரீமன்' என்று ஒன்று தொடங்கினார். முதல் இதழ் வெளிவந்த கையோடு அலுவலகம் தீயில் போயிற்று. பிறகு மர்ட்டில் அவென்யூவில் கட்டிய வீட்டின் கீழ்த்தளத்தில் அச்சகமும் புத்தகக் கடையும் வைத்தார். புத்தகம் எப்படி உருவாகிறது, எங்கே பணம் மாட்டிக்கொள்கிறது என்பதெல்லாம் நீங்கள் கேட்கும் அந்தக் கவிதைப் புத்தகம், 'புல்லின் இதழ்கள்', வருவதற்கு முன்பே அவருக்குக் கைவந்த தொழில்.

இனி 1855. புரூக்ளினில் ரோம் சகோதரர்களின் சிறிய அச்சகம். அவர்களுடைய வழக்கமான வேலை சட்டப் படிவங்கள். முதல் பதிப்பு கவிதைப் புத்தகத்துக்குப் பொருந்தாத அகலத்தில் இருப்பதற்கு அந்தப் படிவத் தாளின் அளவே காரணம் என்று ஆய்வாளர் எட் ஃபோல்சம் வாதிடுகிறார். எனக்கு அது சரியென்றே படுகிறது. 95 பக்கம், 12 கவிதை. சில பக்கங்களுக்கு விட்மனே எழுத்துக் கோத்தார். முகப்புத் தாளில் ஆசிரியர் பெயர் கிடையாது. எதிர்ப்பக்கத்தில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நிற்கும் படம் மட்டும். 'வால்டர் விட்மன்' என்ற பெயர் காப்புரிமை வரியில் வரும்.

மொத்தம் 795 பிரதி. அத்தனையையும் ஒரே தடவையில் பைண்டிங்குக்கு அனுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் 337-க்குப் பச்சைத் துணி அட்டை, தாராளமான தங்க வேலைப்பாடு. அடுத்த 262-க்குத் துணி உண்டு, தங்கம் குறைந்துவிட்டது. 150 பிரதிக்கு வெறும் காகித அட்டை. 46-க்குப் பலகை அட்டை. புத்தகம் எப்படிப் போயிற்று என்று அட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். 2 டாலர் என்று வைத்த விலையை 1 டாலராக இறக்கினார். காகித அட்டைப் பிரதி 75 சென்ட். விற்க ஒப்புக்கொண்ட இரண்டு கடைகளில் புரூக்ளின் கடைக்காரர் சில நாளிலேயே ஒதுங்கிக்கொண்டார். மிஞ்சியது நியூயார்க் பிராட்வேயில் ஃபௌலர் அண்ட் வெல்ஸ். மண்டை ஓட்டின் மேடுபள்ளத்தைத் தடவிக் குணம் சொல்லும் 'சாஸ்திர'த்தைப் பரப்பியவர்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய கவிதைப் புத்தகம் தலை தடவிப் பலன் சொல்கிறவர்கள் கடையில்தான் விற்றது.

நீங்களும் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் ஒன்று இதில் இருக்கிறது. அச்சடித்த தாள்களை (ஃபாரங்களை) மடித்து வைத்துவிட்டு, விற்க விற்கப் பைண்ட் செய்தால் முழுப்பணமும் ஒரே இடத்தில் முடங்காது. இன்றைய டிஜிட்டல் அச்சில் ஐம்பது ஐம்பதாகப் போடுவதும் இதே கணக்குதான்.

அச்சுவேலையைப் பற்றி இன்னொரு விஷயம். முதல் கவிதையின் கடைசி வரி, 'உனக்காக எங்கோ நின்று காத்திருக்கிறேன்' என்ற பொருளில் முடியும். பெரும்பாலான 1855 பிரதிகளில் அந்த வரியின் முடிவில் முற்றுப்புள்ளி இருக்காது. கவிதை முடியவில்லை, வாசகனிடம் தொடர்கிறது என்று இதற்குப் பக்கம் பக்கமாக வியாக்கியானம் எழுதினார்கள். பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது சிலவற்றில் புள்ளி இருந்தது. அச்சு ஓடிக்கொண்டிருக்கையிலேயே அந்த ஈயப் புள்ளி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். வேறு ஓரிடத்தில் பாதியில் இயந்திரத்தை நிறுத்தி ஒரு வரியையே திருத்தியிருக்கிறார்கள். அதனால் அந்த வரியில் 'இரவு' மட்டும் வரும் பிரதியும் உண்டு, 'பகலும் இரவும்' என்று சேர்ந்து வரும் பிரதியும் உண்டு. கையால் கோத்த புத்தகத்தில் எந்த இரண்டு பிரதியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் என்று நம்பக் கூடாது.

இப்போது சுயமதிப்புரைக்கு வருவோம். மூன்று எழுதினார், மூன்றும் 1855-ல், பெயர் போடாமல். ஒன்று 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ரிவ்யூ'வில், 'கடைசியில் ஓர் அமெரிக்கக் கவி!' என்று கூவித் தொடங்கும். இன்னொன்று புரூக்ளின் நாளிதழில். மூன்றாவது ஃபௌலர் அண்ட் வெல்ஸ்காரர்களின் சொந்த இதழில். போதாக்குறைக்கு, பிந்தைய பிரதிகளில் எட்டுப் பக்கம் 'பத்திரிகைக் கருத்துகள்' சேர்த்துக் கட்டியபோது தான் எழுதியவற்றையும் உள்ளே நுழைத்தார். அந்தக் காலத்தில் மதிப்புரைகள் பெரும்பாலும் கையெழுத்தில்லாமல்தான் வந்தன, பத்திரிகை அலுவலகத்தில் வளர்ந்தவருக்கு இது அன்றாட வேலை. இதைச் சொன்னதும் "அப்போ சரின்னு சொல்றீங்களா" என்று கருத்துப்பெட்டியில் வருவீர்கள். சரி என்று சொல்லவில்லை. சின்னத் திருட்டு என்கிறேன். பெரிய திருட்டு வேறு.

அது அன்றைய அமெரிக்காவின் பெரிய சிந்தனையாளர் எமர்சனின் கடிதம். 1855 ஜூலை 21 அன்று எமர்சன் விட்மனுக்கு எழுதினார். 'ஒரு பெரும் வாழ்வின் தொடக்கத்தில் உங்களை வரவேற்கிறேன்' என்ற வாக்கியம் அதில்தான் வருகிறது. அது தனிக்கடிதம். அக்டோபர் 10 அன்று 'நியூயார்க் டிரிப்யூன்' அதை முழுசாக அச்சிட்டது. எமர்சனை யாரும் கேட்கவில்லை. விட்மன் அதைத் துண்டுத்தாளாகவும் அடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். 1856 இரண்டாம் பதிப்பில் அந்த வரவேற்பு வாக்கியம் எமர்சன் பெயரோடு முதுகட்டையில் தங்க எழுத்தில் ஏறியது. உள்ளே கடிதம் முழுவதும், கூடவே 'நண்பரே, குருவே' என்று விளிக்கும் விட்மனின் நீண்ட பதிலும். முதல் பதிப்பு ஆயிரம் பிரதி அடித்து எல்லாம் உடனே விற்றுவிட்டது என்று அந்தப் பதிலில் ஒரு புளுகு. அடித்ததே 795 என்று இப்போது உங்களுக்குத் தெரியும். இருந்தும் எமர்சன் கைவிடவில்லை. 1863-ல் விட்மன் வாஷிங்டனில் வேலை தேடியபோது பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மை யாருக்கும் வரும் என்று நம்பி நீங்கள் யாருடைய வாட்ஸப் பாராட்டையும் பின்னட்டையில் போட்டுவிடாதீர்கள். கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பதிப்பாளர் கிடைத்தபோது நேர்ந்தது இன்னும் மோசம். 1860-ல் பாஸ்டனின் தேயர் அண்ட் எல்ட்ரிட்ஜ் மூன்றாம் பதிப்பை அழகாகக் கொண்டுவந்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் கம்பெனி நொடித்துப்போனது. கோத்த எழுத்தைப் பிரித்துப் போட்டுவிட்டால் புத்தகம் முடிந்தது. கோத்த பக்கத்தை அப்படியே உலோகத் தகடாக வார்த்து வைத்திருந்தாலோ, தகடு யார் கையில் இருக்கிறதோ அவர் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். அந்தத் தகடுகள் கைமாறிக் கைமாறி, ஏலத்தில் வொர்திங்டன் என்ற நியூயார்க் வியாபாரியிடம் போயின. அவர் 1879-ல் விட்மனுக்கு 250 டாலர் தருவதாகவும், கொஞ்சம் புதிதாகச் சேர்த்து இதை அங்கீகரிக்க வேண்டும் என்றும் எழுதினார். விட்மன் மறுத்தார். வியாபாரி மறுப்பைக் கண்டுகொள்ளாமல் விற்றுக்கொண்டே இருந்தார். விட்மன் வழக்குப் போடவில்லை, திட்டிக்கொண்டே இருந்தார், நடுவில் கொஞ்சம் ராயல்டிப் பணத்தை வாங்கியும் கொண்டார். ஒப்பந்தத்தில் 'கம்பெனி மூடினால் தகடு யாருக்கு' என்ற ஒரு வரி இல்லாததன் விலை இது. இன்று தகடு இருந்த இடத்தில் பிடிஎஃப் கோப்பு இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் உண்மையில் படிக்க வேண்டியது 1876. மூன்று வருடம் முன்பு பக்கவாதம் வந்து, நியூ ஜெர்சி கேம்டனில் தம்பி வீட்டில் இருக்கிறார். நியூயார்க் விற்பனை முகவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பணத்தைச் சுருட்டிக்கொண்டார்கள் என்பது அவர் புகார். எனவே இடைத்தரகரையே எடுத்துவிட்டார். 'புல்லின் இதழ்கள்', 'இரண்டு ஓடைகள்' என்று இரண்டு புத்தகம், ஒவ்வொன்றும் 5 டாலர், கையெழுத்தோடு, ஆசிரியரிடமே நேரடித் தபாலில். முதலாவது ஏற்கெனவே கையிலிருந்த 1871 தகட்டிலிருந்து அடித்தது. புதுக் கவிதைகளைச் சீட்டுகளாக அச்சிட்டு, காலி இருந்த பக்கங்களில் பசைவைத்து ஒட்டினார். புதுத் தகட்டுச் செலவு மிச்சம்.

வாங்க ஆள்? ஜனவரி 26 அன்று உள்ளூர் 'வெஸ்ட் ஜெர்சி பிரஸ்'ஸில், அமெரிக்கா விட்மனைப் புறக்கணிக்கிறது, அவர் ஏழ்மையில் வாடுகிறார் என்று பெயரில்லாத கட்டுரை ஒன்று வந்தது. எழுதியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துண்டை லண்டனில் விமர்சகர் வில்லியம் மைக்கேல் ரோசெட்டிக்கு அனுப்பினார். மார்ச்சில் அது லண்டன் பத்திரிகைகளில் ஏறியது. கவிஞர் ராபர்ட் புக்கானன் 'டெய்லி நியூஸ்'ஸில் காரமாக எழுதினார். அமெரிக்கப் பத்திரிகைகள் பொத்துக்கொண்டு கோபப்பட்டன. இங்கிலாந்திலிருந்து ஆர்டர் வந்தது, கவிஞர் டென்னிசன் உட்பட. அது தன்னைக் காப்பாற்றியது என்று பிற்பாடு அவரே எழுதினார்.

வந்த ஆர்டர்களை அவர் கையாண்ட விதத்தைத்தான் நான் தொழில் என்பேன். 1876-லிருந்து ஒரு நாட்குறிப்பு. ஒரு பக்கம் வாங்கியவர்களின் பெயரும் முகவரியும், எதிர்ப்பக்கம் நாள்வாரிக் கணக்கு: யாருக்கு எது போயிற்று, எத்தனை டாலர் வந்தது. பார்சலோடு போகும் கடிதம் இரண்டு மூன்று வரிதான். புத்தகம் பத்திரமாக வந்ததும் ஓர் அஞ்சலட்டை போடுங்கள் என்று கேட்டிருப்பார். கடிதத் தொகுதிகளைப் புரட்டுகிறவர்கள் 'இலக்கியம் எங்கே' என்று அலுத்துக்கொள்வது இந்தச் சீட்டுகளைப் பார்த்துத்தான். எனக்கு அவைதான் பிடித்தமானவை. பதினைந்து வருடம் இந்தக் கணக்கை விடாமல் எழுதினார்.

1881-ல் பாஸ்டனில் ஆஸ்குட் என்ற பெரிய பதிப்பாளர் வந்தார். விலை 2 டாலர், ராயல்டி பிரதிக்கு 25 சென்ட். 1882 மார்ச்சில் மாவட்ட அரசு வழக்கறிஞர் 'ஆபாசம்' என்று நோட்டீஸ் அனுப்ப, ஆஸ்குட் சில கவிதைகளை எடுக்கச் சொன்னார். ஒரு சில வரிகளுக்கு இசைந்த விட்மன் முழுக்கவிதைகளை வெட்ட மறுத்தார். பிரிகிறபோது இந்தத் தடவை பாடம் நினைவிருந்தது. 100 டாலர் ரொக்கம், பைண்ட் செய்யாத 225 பிரதி, முக்கியமாகத் தகடுகள், எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். அதே தகட்டில் ஃபிலடெல்ஃபியாவில் அடித்த ஆயிரம் பிரதி, தடை பற்றிய செய்தியின் புண்ணியத்தில், ஓரிரு நாளில் தீர்ந்தது.

கடிதம் எழுதுவதில் இந்த வியாபாரக் கை மட்டுமே இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். உள்நாட்டுப் போரின்போதும் அதன் பிறகும் வாஷிங்டன் மருத்துவமனைகளில் படுக்கை படுக்கையாகப் போய், எழுதத் தெரியாத, எழுத முடியாத சிப்பாய்களுக்கு வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தார். தாளும் அஞ்சல்தலை ஒட்டிய உறையும் பையில் இருக்கும். சாகக்கிடந்த ராபர்ட் ஜபோ என்ற சிப்பாய்க்காக 1866 ஜனவரியில் அவன் மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்று 2016-ல் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஓய்வூதியக் கோப்புக்குள் கிடைத்தது. கீழே 'நண்பர் வால்ட் விட்மன் எழுதியது' என்று இருக்கிறது. தன்னைப் பற்றி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவர் அங்கே போட்டுக்கொண்ட பட்டம் 'நண்பர்', அவ்வளவே.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்றைக் கொட்டிவிடுகிறேன். 'ஆர்வத்தோடு இரு, எடைபோடாதே' என்ற வாசகத்தை விட்மன் படத்தின் மேல் ஒட்டிக் காலை வணக்கம் அனுப்புகிறீர்களே, அது அவருடையது என்பதற்கு ஆதாரமே கிடையாது. ஒரு தொலைக்காட்சித் தொடரில் சொன்னார்கள், பிடித்துக்கொண்டீர்கள். சும்மா இருந்தாலும் ஆயிரம் பக்கம் பேசியிருக்கிற மனிதருக்கு நாம் வேறு வசனம் எழுதிக்கொடுக்க வேண்டுமா? நம் பாரதி விட்மனைப் பற்றி எழுதியபோது, எதுகை மோனை தளை இல்லாமல் வசனம்போல் ஓடும் பாட்டு என்று நேரே படித்துவிட்டுத்தான் எழுதினார்.

சரிபார்ப்பது கஷ்டமும் இல்லை. கவிதைப் பதிப்புகள் எல்லாம், 1855 முதல் கடைசி வரை, பக்கப் படங்களோடு விட்மன் ஆவணக்காப்பகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. கடிதங்களும் அங்கேயே. 1888 முதல் அவர் தினமும் பேசியதை அவருடைய இளம் நண்பர் ஹொரேஸ் டிராபல் எழுதிவைத்தது ஒன்பது தொகுதி, அதுவும் தேடக்கூடிய வடிவில் உண்டு. ஆங்கிலத்தில் நாலு சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம் தேவை: 1855-ல் கவிதைகளுக்குத் தனித் தலைப்பு கிடையாது, முதல் கவிதைக்கு 'என்னைப் பற்றிய பாட்டு' என்ற பெயரே 1881-ல்தான் வருகிறது. தலைப்பை வைத்து 1855-ல் தேடினால் ஒன்றும் அகப்படாது.