சிறு நீர்மூழ்கிக்குள் வெக்கை: கேள்வி பதில்

செல்வம்: கடலுக்கடியில் குளிராகத்தானே இருக்கும் அண்ணா? உள்ளே ஏன் இப்படிப் புழுங்குகிறது?

மேலே மிதக்கும்போதுதான் பெரும்பாடு தம்பி. கே-350 மாதிரி இருவர் போகும் எஃகு வண்டியை ஃப்ளோரிடா வெயிலில் மூழ்கும் இடம்வரை இழுத்துப்போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்ப்பதற்கான அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) குமிழ் வழியே வெயில் உள்ளே வந்துவிடும். சூடேறிய இருக்கையும் சுவரும் விடும் வெப்பக்கதிர் அதைத் தாண்டி வெளியே போகாது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளும் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். மூழ்கும்வரை குமிழின்மேல் நனைத்த வெள்ளைத் துணி போடுங்கள். வேறெதையும்விட இது அதிகம் உதவும். மூடியைத் திறந்து வைப்பது அலையே இல்லாத இடத்தில் மட்டும். மூழ்கியதும் எஃகுச் சுவரே வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்திவிடும். சுவரோரம் காற்று ஓட ஒரு சின்ன 12 வோல்ட் ஃபேன் வையுங்கள்.

மேரி: முழு அக்ரிலிக் கோளமாக இருந்தால்?

எஃகைவிட 200 மடங்குக்கும் மேல் குறைவாக வெப்பம் கடத்தும் பொருள் அது. வெப்ப நாடுகளில் ஏசி இல்லாமல் முடியாது.

ரஹீம்: கடல்நீரையே குழாயில் உள்ளே சுற்றவிடலாமா சார்?

தயவுசெய்து வேண்டாம். 100 மீட்டர் ஆழத்தில் அந்தக் குழாய்க்குள் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ கூடுதல் அழுத்தம் இருக்கும். ஒரு இணைப்பு விட்டால் கடல் கேபினுக்குள். ஐஸ் எடுத்துப்போங்கள்: ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். இரண்டு பேர் விடுவது மணிக்கு 720 கிலோஜூல். 5 கிலோ இருந்தால் இரண்டு மணி நேரம் தாண்டும். தண்ணீரைப் பாட்டில்களில் அடைத்தே உறைய வையுங்கள், தளத்தில் கொட்டாது.

கவிதா: பாட்டில்களை எங்கே வைப்பது அண்ணா?

நல்ல கேள்வி அம்மா. நாம் மூச்சில் விடும் கரியமில வாயுவை உறிஞ்ச ஒரு பெட்டியில் இருக்கும் சோடா லைம் என்ற வேதிப்பொருள், வேலை செய்யும்போது வெப்பமும் ஈரமும் விடும். அந்தப் பெட்டியிலிருந்து காற்று வெளிவரும் பக்கத்தில் வையுங்கள். காற்று குளிரும், ஈரமும் பாட்டில்மேல் படிந்துவிடும். உள்ளே போகும் பக்கம் கூடாது, குளிர்ந்தால் சோடா லைம் மந்தமாகும். சொட்டும் நீர் ஒயர்கள்மேல் விழாதபடி கீழே தட்டு வையுங்கள். முப்பது டிகிரியை உடம்பு தாங்கும், அதோடு ஈரமும் சேர்ந்தால்தான் ஓட்டுபவர் தளர்ந்துபோவார்.

செல்வம்: டிரை ஐஸ் இன்னும் குளிர்ச்சியாச்சே?

அது உறைந்த கரியமில வாயு, வண்டிக்குள் கொண்டுபோகவே கூடாது. ஒரு கிலோ ஆவியானால் 500 லிட்டருக்கு மேல் கரியமில வாயு. ஓய்வாக இருக்கும் ஆள் ஒரு மணி நேரத்தில் மூச்சில் விடுவதோ 20 லிட்டருக்கும் குறைவு.