கோடை முகாமில் சொல்லித்தரும் கணக்கீட்டு அறிவியல் என்றால் என்ன?

இயற்கையில் நடப்பதைக் கணக்காக எழுதி, கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் கணக்கீட்டு அறிவியல். எதற்கு? சோதனைக்காகப் பவானிசாகர் அணையைத் திறந்துவிட முடியாதே!

இன்றைய நீர் இருப்போடு பவானியும் மாயாறும் கொண்டுவருவதைக் கூட்டி, கீழ்பவானி வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் விடுவதையும் வெயிலில் ஆவியாவதையும் கழித்தால் நாளைய இருப்பு. மளிகைக்கடைக் கல்லாக் கணக்கு மாதிரிதான். மழை பொய்த்தால்? ஒரு எண்ணை மாற்றினால் போதும், 120 நாள் பாசனக் கணக்கும் நொடியில் வந்துவிடும். ஆனால் அணையின் முழு மட்டமான 105 அடியிலிருந்து நீர்மட்டம் இறங்க இறங்க நீர்ப்பரப்பும் சுருங்கும், ஆவியாவதும் குறையும். பிள்ளைகள் முழிப்பது இங்கேதான், சுவாரசியமும் இங்கேதான்.

பள்ளி நாட்களில் பாடம் துரத்தும், அதனால்தான் முகாம் மே மாதத்தில்.

அப்புறம், இது கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்புக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நிரல் இதில் வெறும் கருவி, பயாலஜி பிள்ளைகளும் தாராளமாகச் சேரலாம்.