சூரை மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்தால் அது அலர்ஜிதானா?

கேள்வி: ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காசிமேட்டில் சூரை மீன் வாங்கினோம். திருவொற்றியூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு, கொருக்குப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரப் பத்து மணி தாண்டிவிட்டது. மதியம் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் என் கணவருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வந்தன. அதே குழம்பைச் சாப்பிட்ட எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றும் இல்லை. மாலைக்குள் அவருக்கும் சரியாகிவிட்டது. சிறு வயதிலிருந்து மீன் சாப்பிட்டு வளர்ந்தவர் அவர். “மீன் அலர்ஜி வந்துவிட்டது, இனி மீனையே தொடக் கூடாது” என்கிறார் மாமியார். அப்படித்தானா? மீதி மீன் ஃப்ரீஸரில் இருக்கிறது.

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அது பெரும்பாலும் அலர்ஜி அன்று, ஹிஸ்டமின் நச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரிவதற்குக் காரணம், இரண்டிலும் ஹிஸ்டமின் என்னும் அதே பொருள் வேலை செய்வதுதான். அலர்ஜியில், நம் உடலின் மாஸ்ட் செல்கள் தாம் சேர்த்து வைத்திருக்கும் ஹிஸ்டமினைத் தவறான எச்சரிக்கையால் கொட்டிவிடுகின்றன. இங்கோ, அது அடுப்பில் ஏறுவதற்கு முன்பே மீனில் உருவாகி, குழம்புத் துண்டோடு வயிற்றுக்குள் போயிருக்கிறது. சாப்பிடும்போது நாக்கில் மிளகைக் கடித்தது போலச் சுரீரென்று இருந்ததா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பலருக்கு அப்படி இருக்கும்.

இந்தத் தொல்லை சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி போன்ற மீன்களில் அதிகமாகவும், சங்கரா, வவ்வால், கிழங்கான் போன்றவற்றில் அரிதாகவும் வருவதற்கு அவற்றின் உடலமைப்பே காரணம். சூரை ஓய்வறியாத மீன்; நீந்துவதை நிறுத்தினால் செவுள்களில் போதிய தண்ணீர் பாயாமல் அதற்கு மூச்சு முட்டிவிடும். அவ்வளவு கடுமையாக உழைக்கும் தசையில் அமிலம் சேரும் என்பதால், அதைத் தணிப்பதற்காக ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை அது தசை முழுவதும் நிறைத்து வைத்திருக்கிறது. மீன் செத்தபின், செவுளிலும் குடலிலும் இருக்கும் மார்கனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் சதைக்குள் பரவி, அந்த ஹிஸ்டிடினிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட்டு ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. பாக்டீரியாக்களுக்கும் அமிலத்தைச் சமாளிக்க இது ஒரு வழிதான். மீன் தன் தசையைக் காத்துக்கொள்ளச் சேர்த்த பொருளையே, தன்னைக் காத்துக்கொள்ள இன்னோர் உயிர் எடுத்துக்கொள்ள, நடுவில் அகப்பட்டுக்கொண்டவர் உங்கள் கணவர்.

‘நன்றாகத்தானே கொதிக்க வைத்தோம்’ என்று நீங்கள் நினைக்கலாம். கொதிக்கும்போது பாக்டீரியா சாகும், அதன் நொதியும் செயலிழக்கும். ஆனால் அதற்குள் உருவாகிவிட்ட ஹிஸ்டமின் குழம்பிலும் அழியாது, வறுவலிலும் அழியாது, டப்பாவில் அடைத்து உயர் வெப்பத்தில் பதப்படுத்தும் மீனிலும் அழியாது. மஞ்சளும் கல்லுப்பும் போட்டு எத்தனை முறை அலசினாலும் அது போகாது. மூக்கையும் நம்ப முடியாது. நாற்றம் எழுவதற்கு முன்பே ஹிஸ்டமின் அளவு கூடிவிடக்கூடும். சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக் கூடாது என்கிறது. அதை ஆய்வகத்தில் அளக்கலாமே தவிர, அடுப்படியில் கண்டுபிடிக்க வழியில்லை.

அவருக்கு மட்டும் வந்ததில் வியப்பில்லை. ஒரே மீனில்கூட ஹிஸ்டமின் சீராகப் பரவியிருப்பதில்லை; அவருக்குக் கிடைத்த துண்டு குடலை ஒட்டிய பகுதியாக இருந்திருக்கலாம். இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அவர் காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாரா? உணவில் வரும் ஹிஸ்டமினை நம் குடலிலுள்ள டயமின் ஆக்சிடேஸ் என்னும் நொதி உடைத்துவிடும். காசநோய் மருந்தான ஐசோனியசிட் அந்த நொதியைத் தடுப்பதால், அதை உட்கொள்பவர்களைச் சிறிதளவு ஹிஸ்டமின்கூடப் பாதிக்கும். அப்படியானால் சிகிச்சை முடியும்வரை நிறுத்த வேண்டியது இந்த வகை மீன்களைத்தான். மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

காலை ஆறு முதல் பத்து வரையிலான வெயில் நேரத்தை மட்டும் குறை சொல்ல நான் தயாராக இல்லை. விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கி வருவதால், அதிகாலையில் கரையேறும் மீன் முந்தைய இரவில் பிடித்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும்போது, பெரிய மீன்கள் வெளியூர்களிலிருந்தும் குளிர்கிடங்குகளிலிருந்தும் வருகின்றன. அந்த நாட்களில் நான் சூரையை விட்டுவிட்டுச் சிறு படகுகளில் வரும் மீனை வாங்குவேன். எப்போது வாங்கினாலும், ஐஸ் இல்லாமல் வெறும் தரையிலோ தார்ப்பாயிலோ கிடக்கும் சூரையை, செவுள் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும், தவிர்த்துவிடுங்கள். வாங்கியதும் அங்கேயே செவுளையும் குடலையும் எடுக்கச் சொல்லி, மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் போட்ட பெட்டியில் வையுங்கள். உறவினர் வீட்டுக்குப் போவதாக இருந்தால், அதை முடித்துவிட்டுக் கடைசியாக மீன் வாங்குங்கள். வீட்டில் 4 டிகிரிக்கு மேற்படாத குளிரில் மீன் இருக்க வேண்டும். ஃப்ரீஸரில் வைத்ததை எடுக்கும்போது சமையல் மேடையில் உருகவிடாமல், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். உறைநிலையில் பாக்டீரியா செத்தாலும் அதன் நொதி சாவதில்லை. மீன் உருகியதும் அது விட்ட வேலையைத் தொடரும்.

மாமியார் சொல்வதையும் முழுதாகத் தள்ளிவிட வேண்டாம். உண்மையான மீன் அலர்ஜி நடு வயதிலும் வரலாம். அதைத் தோல் பரிசோதனை அல்லது ரத்தப் பரிசோதனை மூலம் மருத்துவர் கண்டறிவார். அதுவரை அவர் மீனைத் தவிர்க்கட்டும். வீட்டிலேயே ஒரு துண்டு கொடுத்துச் சோதிக்க வேண்டாம். பரிசோதனையில் அலர்ஜி இல்லை என்று தெரிந்தால், அவர் தாராளமாக மீன் சாப்பிடலாம். மீண்டும் எப்போதாவது மூச்சுத் திணறலோ, உதடு, தொண்டை வீக்கமோ, மயக்கமோ வந்தால், காரணத்தை ஆராய்ந்துகொண்டிராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

ஃப்ரீஸரில் இருக்கும் மீதி மீனைக் கருவாடு போடவும் வேண்டாம், பூனைக்கு வைக்கவும் வேண்டாம். கட்டி, குப்பையில் போட்டுவிடுங்கள்.