மாரத்தான் ஓடுபவருக்கு லேயில் தலைவலி ஏன்?

லடாக்கின் லே நகரில் இறங்கிய அன்றே தலைவலி வந்ததே, ஓட்டப் பயிற்சியைக் கூட்டினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியாகாது. உங்களுக்கு வந்தது உயர நோய்; உயரமான இடத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருவது. அதற்கும் உடல் வலுவுக்கும் பெரிய தொடர்பில்லை. மாரத்தான் ஓடும் நீங்கள் முதல் ராத்திரியே வாந்தி எடுத்ததும், மாடிப்படிக்கே மூச்சு வாங்கும் அறைத்தோழர் நன்றாகத் தூங்கியதும் அதனால்தான்.

காரணம் அநேகமாக விமானம். டில்லியிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் 3,500 மீட்டர் உயரத்தில் போய் இறங்கிவிட்டீர்கள். அன்று மாலையே அங்கே குன்றின்மேல் இருக்கும் சாந்தி ஸ்தூபிப் படிகளில் ஓடியதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். வலுவானவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்வது இதில்தான்: முடிகிறதே என்று வேகமாக ஏறிவிடுவார்கள்.

அடுத்த வருடம் கல்லூரிக் குழுவை ஸ்ரீநகர் வழியாகச் சாலையில் போகச் சொல்லுங்கள். வழியில் இருக்கும் கார்கில் சுமார் 2,700 மீட்டர். அங்கே இரண்டு ராத்திரி. லேயில் முதல் இரண்டு நாள் சும்மா இருங்கள். அப்புறம், தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டாம். பகலில் கூடுதலாக ஏறி, இறங்கி வந்து தூங்கலாம்.

முகாமில் ஒரு சோதனை: ஐஸ் கோடரி நுனியால் மண்ணில் நேர்கோடு கீறி, குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டிவைத்துப் பத்தடி நடங்கள். தள்ளாடினால் மூளை வீக்கமாக இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் துணையோடு உடனே இறங்குங்கள்.

உயர நோய்க்குத் தரப்படும் டயமாக்ஸ் மாத்திரை பலருக்கு உதவும். ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். தலைவலியோடு மேலே ஏறவே வேண்டாம், மொத்தக் குழுவும் கிளம்பி நின்றாலும் சரி.