பழைய அம்பாசிடரில் ஆயில் ஒழுகினால் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

மதுரை திருநகரில் வாசலில் நிற்கும் 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர், தரையெல்லாம் ஆயில், இன்ஜினை இறக்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு இறக்காதீர்கள். சொட்டு விழும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. ஆயில் மேலிருந்து வழிந்து, வண்டி ஓடும்போது காற்றில் பின்பக்கமும் போகும்.

இன்ஜின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயால் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டு, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். பவுடர் முதலில் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கேதான் கோளாறு.

பெரும்பாலும் டேப்பட் கவரின், அதாவது இன்ஜின் தலைமேல் உள்ள தகட்டு மூடியின், அடியில் ஆயில் கசியாமல் வைக்கும் கார்க் பேக்கிங்தான். மதுரை வெயிலில் நின்று நின்று அது காய்ந்து சுருங்கிவிடும். புதிது போடும்போது நட்டை அளவுக்கு மீறி முறுக்காதீர்கள். கார்க் பிதுங்கும், தகடு வளையும், ஒழுக்கு கூடும். இன்ஜின் பக்கவாட்டில் இன்னும் இரண்டு தகட்டு மூடிகள் உண்டு. அவற்றைப் பலர் பார்ப்பதே இல்லை.

அப்புறம், இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது பேக்கிங்கையும் தாண்டி ஆயில் வெளியே வரும். பேக்கிங் வாங்கும் முன் அதைக் கழற்றிக் கழுவுங்கள்.

இன்ஜினோடு கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் எப்போதாவது ஒரு சொட்டு விழுந்தால் விட்டுவிடலாம். அங்கே ரப்பர் சீல் கிடையாது, சுழலும் தண்டில் ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகு வரிதான். ஆயில் அளவு காட்டும் கம்பியை மட்டும் வாராவாரம் பாருங்கள்.