ராஸ்பெரி பை பூட் ஆகாமல் நிற்கிறது: கார்டு போய்விட்டதா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். அப்பா பல வருடமாகச் சேர்த்த கேசட்டுகளை, நாதஸ்வரக் கச்சேரி, கோயில் திருவிழாப் பதிவுகள் என எல்லாவற்றையும், 2 டிபி ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி வழியாக டிவியில் கேட்கிறோம். டிஸ்க் தானாக மவுண்ட் ஆவதற்காக, அதாவது சிஸ்டத்தோடு இணைவதற்காக, தம்பி எஃப்எஸ்டேப்பில் (எந்த டிரைவை எங்கே இணைப்பது என்ற பட்டியல் கோப்பு) '/டெவ்/எஸ்டிஏ1' என்று தொடங்கும் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தான். எட்டு மாதம் நன்றாக ஓடியது. போன வாரம் மழையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து பை எழவில்லை. ரூட் கணக்கு (நிர்வாகிக் கணக்கு) பூட்டியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து அப்படியே நிற்கிறது. டிஸ்க், புதிதாகச் செருகிய பென் டிரைவ் இரண்டையும் கழற்றிப் பார்த்தால் ஒன்றரை நிமிடம் சும்மா இருந்துவிட்டு மறுபடி அதே வரி. எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரித்தால் எஸ்டி கார்டு போய்விட்டது, எல்லாம் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். பதிவுகள் போய்விடுமா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பதிவுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கார்டையும் மாற்ற வேண்டாம். தயவுசெய்து எதையும் ஃபார்மேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

கார்டு போகவில்லை என்று எப்படிச் சொல்கிறேன்? பை 4-ஐ ஆன் செய்ததும் போர்டிலேயே இருக்கும் ஒரு சின்ன நிரல் முதலில் ஓடி, எஸ்டி கார்டின் முதல் பகுதியைத் தேடுகிறது. அங்கேதான் கான்ஃபிக், சிஎம்டிலைன் என்ற இரண்டு டெக்ஸ்ட் கோப்புகளும், சிஸ்டத்தின் மைய நிரலான கெர்னலும் இருக்கின்றன. கெர்னல் எழுந்து, கார்டின் இரண்டாம் பகுதியை ரூட்டாக, அதாவது சிஸ்டத்தின் அடிப்படைப் பகுதியாக, ஏற்றுகிறது. அதன் பிறகு மற்ற எல்லாவற்றையும் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் வந்து எஃப்எஸ்டேப்பை வரி வரியாகப் படித்து மற்ற டிரைவ்களை மவுண்ட் செய்கிறது. கார்டு உண்மையிலேயே கெட்டிருந்தால் இதில் முதல் படிகளிலேயே நின்றிருக்கும். பச்சை விளக்கு நான்கு முறை விட்டுவிட்டு மின்னினால் தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை, ஏழு முறை மின்னினால் கெர்னல் கிடைக்கவில்லை என்று கணக்கு. உங்கள் பை அந்த ரூட் கணக்கு செய்தி வரை வந்துவிட்டது. கடைசிப் படியில், எஃப்எஸ்டேப்பில் சொன்ன டிஸ்க் கிடைக்காமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஒன்றரை நிமிடம் இதை உறுதி செய்கிறது. எஃப்எஸ்டேப்பில் உள்ள ஒரு டிரைவுக்காக சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடி காத்திருக்கும். வரவில்லை என்றால் அவசர நிலைக்குப் போய் ரூட் கடவுச்சொல் கேட்கும். ராஸ்பெரி பையில் ரூட் கணக்கு பூட்டியே வருவதால் கேட்கவும் வழியில்லை. அதைத்தான் அந்தச் செய்தி சொல்கிறது.

சரி, எட்டு மாதம் ஓடியது ஏன் இப்போது நின்றது? எஸ்டிஏ என்பது உங்கள் டிஸ்கின் பெயரே இல்லை. முதலில் கண்ணில் பட்ட டிரைவ் எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி. பந்தியில் யார் முதலில் உட்காருகிறார்களோ அவர்களுக்கு முதல் இலை, அது மாதிரி. பென் டிரைவை நீங்கள் செருகியபோது பை ஓடிக்கொண்டிருந்தது, டிஸ்க் ஏற்கெனவே எஸ்டிஏ ஆகிவிட்டது, எனவே பென் டிரைவ் எஸ்டிபி ஆனது. கரண்ட் போய் வந்தபோது இரண்டும் ஒரே நேரத்தில் விழித்தன. ஹார்டு டிஸ்க் சுழன்று தயாராகச் சில நொடி ஆகும். பென் டிரைவுக்குச் சுழல எதுவும் இல்லை, உடனே பதில் சொல்லி முந்திக்கொண்டது. எஸ்டிஏ1-ஐத் தேடி வந்த சிஸ்டம்டி கையில் பென் டிரைவ் சிக்கியது. அதன் கோப்பு முறை வேறு, எனவே மவுண்ட் தோற்றது. கரண்ட் காரணம் போலத் தெரிந்தாலும் பிழை அந்த வரியிலேயே எட்டு மாதமாக இருந்திருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது. பையை அணைத்து, பென் டிரைவை எடுத்துவிட்டு, ஹார்டு டிஸ்கை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். டிஸ்க் மறுபடி எஸ்டிஏ ஆகும், பெரும்பாலும் பை எழுந்துவிடும். நீங்கள் இரண்டையும் சேர்த்துக் கழற்றியதால்தான் இது தெரியாமல் போனது.

அப்படியும் எழவில்லை என்றால் கார்டை எடுத்து விண்டோஸ் லேப்டாப்பில் போடுங்கள். பூட்எஃப்எஸ் என்ற பகுதி மட்டும் திறக்கும். இன்னொரு பகுதியை ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் சிஸ்டம் முழுக்க அந்தப் பகுதியில்தான் இருக்கிறது, விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. திறந்த பகுதியில் சிஎம்டிலைன் கோப்பில் ஒரே ஒரு நீள வரி இருக்கும். அதன் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'இனிட்=/பின்/எஸ்ஹெச்' என்று சேருங்கள் (இங்கே எல்லாவற்றையும் ஒலிப்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்). என்டர் அடித்து இரண்டாவது வரி ஆக்கிவிடாதீர்கள், இந்தக் கோப்பு ஒரே வரியாகத்தான் இருக்க வேண்டும். கார்டைப் பையில் போட்டு, கீபோர்டு செருகி ஆன் செய்தால் எஃப்எஸ்டேப்பைத் தொடாமலே ஒரு ஷெல் (கட்டளை அடிக்கும் திரை) வரும். அதில் 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' அடித்து, நானோ என்ற எடிட்டரில் எஃப்எஸ்டேப்பைத் திறந்து, தம்பி எழுதிய வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி (#) போடுங்கள், அந்த வரி செயல்படாது. சேமித்து, 'சிங்க்' அடித்து, கரண்டை எடுத்துவிடுங்கள். அப்புறம் சிஎம்டிலைனில் சேர்த்ததை மறக்காமல் நீக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் அந்த ஷெல்தான் வரும்.

பை எழுந்ததும் இத்துடன் விட்டுவிடாதீர்கள், அடுத்த கரண்ட் கட்டில் திரும்ப வரும். 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' என்று அடித்தால் ஒவ்வொரு டிரைவின் யூயூஐடி (அதற்கே உரிய அடையாள எண்) தெரியும். ஃபார்மேட் செய்யாத வரை அது மாறாது, எந்தத் துளையில் எந்த வரிசையில் செருகினாலும் அதேதான். எஃப்எஸ்டேப்பில் மேலே கார்டின் இரண்டு பகுதிகளுக்கான வரிகளைப் பாருங்கள், அவை ஏற்கெனவே பார்ட்யூயூஐடி என்றுதான் தொடங்கும். அவற்றைத் தொடாமல், தம்பியின் வரியை மட்டும் இப்படி மாற்றுங்கள்:

யூயூஐடி=(உங்கள் டிஸ்கின் எண்) /எம்என்டி/டிஸ்க் ஈஎக்ஸ்டி4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10 0 2

அடைப்புக்குறி வேண்டாம், எண்ணை மட்டும் போடுங்கள். பாதையும் நீங்கள் வைத்த பெயராகவே இருக்கட்டும். நோஃபெயில் என்றால் டிஸ்க் இல்லாவிட்டாலும் சிஸ்டம் எழும். டைம்அவுட், 90 நொடிக்குப் பதில் 10 நொடி மட்டும் காத்திருக்கச் சொல்கிறது. ஈஎக்ஸ்டி4 என்பது லினக்ஸின் கோப்பு முறை; டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால் அதை மாற்ற வேண்டும். என்டிஎஃப்எஸ்ஸுக்கு எழுதும் யூஐடி=1000 போன்றவற்றை ஈஎக்ஸ்டி4 வரியில் கொண்டுவந்து சேர்த்தால் மவுண்ட் ஆகாது. பலரும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ரீபூட் செய்யும் முன்னே சோதித்துவிடுங்கள். 'சுடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', பிறகு 'சுடோ ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை', பிறகு 'சுடோ மவுண்ட் -ஏ'. தவறு இருந்தால் இப்போதே திட்டும்.

நோஃபெயிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் ஆதங்கம். டிஸ்க் மவுண்ட் ஆகாமலே பை எழுந்துவிட்டால், அந்த டிஸ்க் அடைவு (ஃபோல்டர்) வெறும் காலி அடைவாக எஸ்டி கார்டில் இருக்கும். அப்போது புதிதாக ஒரு கேசட்டைப் பதிவு செய்தால் அது சத்தமில்லாமல் கார்டில் போய் உட்காரும். மறுநாள் டிஸ்க் சரியாக மவுண்ட் ஆனதும் அதற்கடியில் மறைந்துவிடும். பதிவு காணாமல் போய்விட்டது என்று தேடுவீர்கள். இதைத் தடுக்க, டிஸ்கை அன்மவுண்ட் செய்து, காலி அடைவின் மேல் 'சுடோ சிஹெச்ஏடிடிஆர் +ஐ /எம்என்டி/டிஸ்க்' என்று ஒரு முறை அடியுங்கள். இனி அந்தக் காலி அடைவில் யாராலும் எழுத முடியாது. டிஸ்க் அதன் மேல் மவுண்ட் ஆவதற்கு இது தடையாக இருக்காது. டிஸ்க் வராத நாளில் பதிவு பிழையோடு நிற்கும், உங்களுக்கு உடனே தெரியும்.

அடாப்டரையும் பார்த்துவிடுங்கள். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும், பழைய போன் சார்ஜர் போதாது. நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து அது தருவது 1.2 ஆம்பியர்தான். டிஸ்க் டிக் டிக் என்று ஒலித்து நின்று நின்று ஓடினால் கரண்ட் போதவில்லை, தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்று வாங்குங்கள். 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு' அடித்தால் 0எக்ஸ்0 வர வேண்டும், வேறு எண் வந்தால் ஏதோ குறை இருக்கிறது.

இன்னொரு டிஸ்க் வாங்கும் வரை புதிய கேசட் எதையும் ஏற்ற வேண்டாம். அப்பாவின் பதிவுகள் இப்போது ஒரே ஒரு டிஸ்கில் இருக்கின்றன, கேசட் நாடாவும் வருடம் போகப் போகத் தேயும். பை எழுந்த அன்றே முதல் வேலையாக அந்தப் பதிவுகளின் இரண்டாவது பிரதியை எடுத்துவிடுங்கள். எஃப்எஸ்டேப் திருத்தத்தை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.