மொட்டு விரியாமலே காயாகும் தரை ஆர்க்கிட்

உங்கள் தரை ஆர்க்கிட்டில் மொட்டு விரியாமல், அதன் பின்னால் காம்பு பருத்துப் பச்சைக் காயாகத் தொங்குகிறது என்றால் அது நோயில்லை. மருந்து அடிக்க வேண்டாம். ஸ்பாத்தோகிளாட்டிஸ் பிளிகாட்டா என்ற தரை ஆர்க்கிட்டில் தன் மகரந்தத்திலேயே சூல் பிடிக்கும் வகைகள் உண்டு. மகரந்தத்துக்கும் அதை ஏற்கும் சூல்முடிக்கும் நடுவே தடுப்பாக இருக்க வேண்டிய சிறு மடல் அவற்றில் வளர்வதில்லை. அதனால் சில மொட்டுகள் திறக்காமலே காய்த்துவிடும். நீங்கள் காம்பு என்று நினைப்பதுதான் சூலகம், அதாவது காயாக மாறும் பகுதி.

உறுதிசெய்ய, நாளை விரியப்போகிற மொட்டு ஒன்றை ஊசியால் பிரியுங்கள். நடுத்தண்டின் நுனியில் இருக்கும் மஞ்சள் மகரந்தக் கட்டிகள் (மொத்தம் 8, மிகச் சிறியவை) அப்போதே கீழே உள்ள பிசுபிசுப்பான குழியை (அதுதான் சூல்முடி) தொட்டிருந்தால் விடை அதுதான்.

உரத்தாலோ வெயிலாலோ இது மாறாது, பிறவிக் குணம். காயை அவ்வப்போது கிள்ளிவிட்டால் செடியின் சத்து வீணாகாது. காய் வெடிக்க விட்டால் தூள் போன்ற விதை பறந்து பக்கத்துத் தொட்டியெல்லாம் முளைக்கலாம். ஹவாயில் இது காட்டுக்குள் பரவியதும் இப்படித்தான். நன்றாக விரியும் பூ வேண்டுமென்றால், பூத்திருக்கும்போது நேரில் பார்த்து, அந்தச் செடியிலிருந்தே கிழங்கு பிரித்து வாங்குங்கள்.

ஒன்று மட்டும்: காம்பு பருக்காமல் மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால் இது காரணமல்ல. மொட்டிடுக்கில் இலைப்பேன் இருக்கிறதா, தொட்டி காய்ந்துபோகிறதா என்று பாருங்கள்.